கிரீன் டீயா, கூல் வாட்டரா?

காசு அதிகம் போகக்கூடாது, வெயிலுக்குத் தோதாக இருக்க வேண்டும், பூ வாசனையும் லேசாக வேண்டும் என்று தேடினால் இரண்டு சென்ட் பாட்டில்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: எலிசபெத் ஆர்டனின் கிரீன் டீ, டேவிடாஃபின் கூல் வாட்டர் உமன். இரண்டும் என்னிடம் இருக்கின்றன. என் ஓட்டு கிரீன் டீக்குத்தான்.

1999-ல் வந்தது இது. செய்தவர் ஃபிரான்சிஸ் குர்க்ஜியான். பின்னாளில் பக்கரா ரூஜ் 540 என்ற பிரபல சென்டைச் செய்து, அப்புறம் டியோர் நிறுவனத்துக்குப் போனாரே, அவரேதான். அடித்தவுடன் எலுமிச்சை, பெர்கமாட் (இதுவும் எலுமிச்சை வகைப் பழம்தான்), கொஞ்சம் புதினா. அந்தப் புளிப்பு அடங்கியதும் தேயிலையின் மெல்லிய கசப்பு, அதன் பின்னால் மல்லிகை. மல்லிகை என்றதும் தலையில் வைக்கிற சரத்தை நினைத்துவிடாதீர்கள். நம்ம மல்லி இரவில் மலர மலரக் கனத்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் தலைவலியே வரவைக்கும், இண்டோல் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு, இந்தச் சென்டில் அந்தக் கனம் துளியும் தெரியவில்லை, தண்ணீரில் அலசி எடுத்த பூ மாதிரி இருக்கிறது.

குறை என்னவென்றால், நிற்காது. லேபிளில் 'ஓ பர்ஃப்யூமே' என்று இருப்பதைப் பார்த்து, அடர்த்தி கூடிய, நீண்ட நேரம் நிற்கிற ஓ டி பர்ஃப்யூம் வகை என்று எண்ணிவிட வேண்டாம். காலையில் அடித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடும். எனக்கு அது பரவாயில்லை. வேர்த்த உடம்பில் பழைய வாசனை தங்கிக் கிடப்பதைவிட, முகம் கழுவிவிட்டு இன்னொரு தடவை அடித்துக்கொள்ளலாம்.

கூல் வாட்டர் உமன், ஓ டி பர்ஃப்யூமைவிட லேசான ஓ டி டாய்லெட் வகைதான், ஆனால் சாயங்காலம் வரை சட்டையில் இருக்கும். 1988-ல் வந்த ஆண்கள் கூல் வாட்டரைச் செய்த பியர் பூர்தோனின் கைவேலை. முலாம்பழம், தாமரை, கடல்காற்று. திறந்த வெளியில், குறிப்பாக பைக்கில் போகும்போது அருமை. ஏசி போட்ட மூடிய அறையிலோ அந்த முலாம்பழம் இனித்து இனித்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது, பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து அனுபவிக்க வேண்டியதுதான். ஒரு ஸ்பிரேக்கு மேல் அடிக்காதீர்கள். நாள் முழுக்க வெளியில் அலைகிற வேலை, மறுபடி அடிக்க நேரமே இல்லை என்றால் மட்டும் இதை வாங்கலாம்.

எதுவானாலும் காகிதத்தில் முகர்ந்துவிட்டு பில் போடாதீர்கள், மணிக்கட்டில் அடித்துக்கொண்டு அரை மணி நேரம் கடையைச் சுற்றுங்கள். ஆன்லைனில் என்றால் பெயரை முழுசாகப் படியுங்கள். கிரீன் டீ லோட்டஸ், கிரீன் டீ செர்ரி பிளாசம் என்று அதே பெயரில் வேறு வேறு வாசனைகள் இருக்கின்றன, நான் சொல்வது பின்னால் ஒட்டு எதுவும் இல்லாத வெறும் கிரீன் டீ.