முன்கைப் பச்சையை லேசரால் அழித்த அனுபவம்: 10 அமர்வுகள், 2 ஆண்டுகள்

2016இல், சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 19 வயதில், இடது முன்கையில் ‘துணிவே துணை’ என்ற இரு சொற்களையும் அவற்றின் கீழே ஒரு மயிலிறகையும் பச்சை குத்திக்கொண்டேன். குத்தியவருக்குத் தமிழ் தெரியாது. நான் கைப்பேசியில் அனுப்பிய எழுத்துகள் அவருடைய கணினியில் சிதைந்து, ‘வே’யின் இரட்டைக் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் விழுந்திருந்ததை, படிவத்தைத் தோலில் ஒட்டியபோது நானும் கவனிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் துணைப்பாட நிலையம் ஒன்றில் தமிழ் கற்பிக்கத் தொடங்கினேன். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்த தொடக்கநிலை இரண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, கொம்பு ஏன் இந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்ட மாலையில்தான் அதை அழித்துவிட முடிவு செய்தேன்.

2022 பிப்ரவரியில், அமர்வுக்கு 180 வெள்ளி என்ற கட்டணத்தைப் பார்த்து ஓர் அழகுச் சிகிச்சை மருந்தகத்துக்குச் சென்றேன். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வந்தால் விரைவில் முடிந்துவிடும் என்றார்கள். மரத்துப்போகும் களிம்பைத் தடவி முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகும், ஒவ்வொரு துடிப்பும் சூடான எண்ணெய்த் துளி தெறித்ததுபோல் இருந்தது. முடி பொசுங்கும் வாடை அறையில் நின்றது. ஒளி பட்ட இடமெல்லாம் எழுத்துகள் வெள்ளையாகப் பூத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் கறுப்பாயின. தோலுக்குள் உண்டாகும் நுண்ணிய வாயுக் குமிழிகளே அந்த வெண்மைக்குக் காரணம். மை போய்விட்டதாக அதைக் கொள்ளக் கூடாது. மூன்றாம் அமர்வுக்குப் பின் கொப்புளங்கள் பெரிதாக எழுந்து உடைந்தன. அவை ஆறியபோது மணிக்கட்டை ஒட்டி ஐந்து காசு அளவுக்குத் தோல் நிறமிழந்து வெளுத்திருந்தது. அதைக் காட்டியபோது, அடுத்த அமர்வுக்கு நாள் குறிக்கலாம் என்பதைத் தவிர அங்கு வேறு பதில் கிடைக்கவில்லை. அந்த அலட்சியம் இன்றும் என்னை வருத்துகிறது.

அதன்பின் நான் பார்த்த தோல் மருத்துவர் ஏழு மாதங்களுக்கு லேசரே வேண்டாம் என்றார். அவர் பொறுமையாக விளக்கியது இது: லேசர் செய்வது மைத் துகள்களை உடைப்பது மட்டுமே, உடைந்த துகள்களை அப்புறப்படுத்துவது உடலின் வெள்ளணுக்களும் நிணநீரும்தான், அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் தேவை. மையை விழுங்கி வைத்திருக்கும் அணு இறந்தால் அடுத்த அணு அதை எடுத்துக்கொள்கிறது. என் பாட்டியின் கையில் இருந்த கோலப் பச்சை, நீலம் படர்ந்து மங்கிய பின்னும் கடைசிவரை அழியாமல் இருந்ததற்குக் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

நம்மைப் போன்ற மாநிறத்தவரும் கருநிறத்தவரும் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அன்று, அலைநீளத்தை. தோலின் நிறமியான மெலனினும் லேசர் ஒளியை உறிஞ்சும். 1064 நானோமீட்டர் ஒளியை அது குறைவாக உறிஞ்சுவதால், கறுப்பு மைக்கு நம் தோலில் அதுவே பாதுகாப்பானது. பச்சை நிற மையோ அதற்கு அசைந்துகொடுப்பதில்லை. 694 அல்லது 755 நானோமீட்டர் ஒளி வேண்டும், அவற்றில் நிறமி பாதிக்கப்படும் ஆபத்து கூடுதல். எனவே மருத்துவர் கறுப்பு எழுத்துகளை 1064இல் முடித்த பிறகே மயிலிறகைத் தொட்டார். அதற்கும் முன்பு ஓரத்தில் ஒரு சிறு புள்ளியில் சோதித்து, எட்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். லட்சம் கோடியில் ஒரு பங்கு நொடிகளில் கணக்கிடப்படும் ‘பிக்கோ’ லேசரைப் பற்றிக் கேட்டேன். துகளை இன்னும் நுண்மையாக உடைக்கும், ஆனால் அதுவும் இடைவெளியைக் குறைத்துவிடாது என்றார்.

பத்து, பன்னிரண்டு வாரங்களுக்கு ஒன்றாக ஏழு அமர்வுகள், தலா 420 வெள்ளி. பழைய மூன்றையும் சேர்த்து 3,480 வெள்ளி ஆனது. அழகுச் சிகிச்சை என்பதால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைத் தொட முடியாது. குத்திக்கொள்ள அன்று நான் கொடுத்தது 250 வெள்ளி.

நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த ஊரில் வெயில்தான் பெரிய சோதனை. புண் ஆறும்வரை மெல்லிய துணிக்கட்டும், ஆறியபின் எஸ்பிஎஃப் 50 வெயில்தடுப்புக் களிம்பும் முழுக்கைச் சட்டையும் என்று இரண்டு ஆண்டுகளைக் கடத்தினேன். பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் ஐந்து நிமிடத்துக்குக்கூட அம்மா, “கைய மூடிக்கப்பா” என்று வாசலிலிருந்து சொல்வார்.

2024 மார்ச்சில் கடைசி அமர்வு முடிந்தது. மெல்லிய கோடுகள் முதலில் போயின; இருமுறை அழுத்திக் குத்தப்பட்ட ‘து’ தான் இறுதிவரை நின்று, இப்போது சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் நிழலாகத் தெரிகிறது. வெளுத்த இடத்தில் பாதிக்குமேல் நிறம் திரும்பிவிட்டது. மயிலிறகின் கண்ணில் வெளிறிய பச்சை எஞ்சியிருக்கிறது. அதை நீக்க இன்னும் மூன்று அமர்வுகள் தேவைப்படலாம் என்று மருத்துவர் சொன்னபோது, நிறமியை மீண்டும் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.