துபாயிலா, ஊரிலா: பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது?

துபாயில் குடும்பத்தோடு இருக்கும் நம்மவர்கள் வீட்டில் கர்ப்பம் உறுதியான மறுநாளே கிளம்பிவிடும் பேச்சு இது. பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதா, இங்கேயே பார்த்துக்கொள்வதா? நாங்கள் இங்கேயே பார்த்துக்கொண்டோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்கப்போவதில்லை.

ஊரின் பக்கம் உள்ள நியாயங்கள் தெரிந்தவைதான். அம்மா கைப்பத்தியம், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஆள், ராத்திரி அழுதால் தூக்க இன்னும் நாலு கை. சுகப்பிரசவமாக இருந்தால் செலவும் இங்கே ஆவதைவிடக் குறைவு. அம்மாவையோ மாமியாரையோ விசிட் விசாவில் வரவழைத்தால் இதில் பாதி கிடைக்கும். மீதிப் பாதிக்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

குடியுரிமையில் பலர் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. அமீரகத்தில் பிறந்ததால் மட்டும் அந்த நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது. பெற்றோர் இந்தியர் என்றால் பிள்ளையும் இந்தியர்தான். ஆனால் இது தானாக நடந்துவிடுவதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தர வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே இதையும் முடித்துவிடுவதால் பெரும்பாலானோர் கவனிப்பதுகூட இல்லை. விசா காலாவதியாகி, பயத்தில் பதியாமலே விட்ட பெற்றோரின் பிள்ளைகள்தான் எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் வளர்கிறார்கள். 2024இல் அமீரகம் அறிவித்த பொதுமன்னிப்பில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் சேர்த்தே வழிவிட்டார்கள்.

ஆக, குடியுரிமையை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது இன்ஷூரன்ஸ். அதிலும் தாயின் இன்ஷூரன்ஸ் அல்ல, பிறந்த குழந்தையின் இன்ஷூரன்ஸ்.

பிரசவச் செலவைத்தான் எல்லோரும் கூட்டிக் கழிக்கிறார்கள். துபாயில் மனைவிக்கும் பாலிசி எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அடிப்படைத் திட்டத்திலேயே சுகப்பிரசவத்துக்கு 7,000 திர்ஹம், மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் சிசேரியனுக்கு 10,000 திர்ஹம் வரை உண்டு. அதில் 10 சதவீதம் நம் கையிலிருந்து. இந்தத் தொகை பல தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போதாதுதான். ஆனாலும் பிரசவச் செலவு முன்கூட்டியே தெரிந்த செலவு. மாதா மாதம் எடுத்து வைத்துவிடலாம். குறைமாதத்தில் பிறந்தாலோ, மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல் என்று குழந்தையை என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வைத்தாலோ ஆகும் செலவை யாரும் எடுத்து வைக்க முடியாது. இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் துபாயில் அது நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான திர்ஹம்.

இங்கேதான் துபாய்க் கணக்கு வேறாகிறது. அடிப்படைத் திட்டத்திலேயே பிறந்த நாளிலிருந்து 30 நாள் குழந்தைக்குத் தாயின் பாலிசியில் காப்பு உண்டு. பாலிசியோடு தரும் பலன் அட்டவணையில், மகப்பேறு வரிகளுக்குக் கீழே, பொடி எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் முடிவெடுத்தோம்.

ஊரில் பிறந்தால் அந்த வரி உதவாது. துபாய் பாலிசிகள் பலவற்றில் இந்தியாவில் அவசர சிகிச்சைக்கு மட்டுமே காப்பு. அமீரக விசா வரும்வரை குழந்தையை இங்குள்ள பாலிசியில் சேர்க்கவும் வழியில்லை. சரி, இந்தியாவில் ஒரு பாலிசி எடுத்தால்? தனிநபர் பாலிசிகளில் மகப்பேறுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; மகப்பேறுப் பலன் இல்லாத பாலிசியில் குழந்தையைப் பெரும்பாலும் 90 நாள் கழித்துத்தான் சேர்ப்பார்கள். எந்த மூன்று மாதம் நமக்குப் பயமோ, அந்த மூன்று மாதம் வெறுங்கை.

துபாயிலும் 30 நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி (அமீரக அடையாள அட்டை) என்று வரிசையாக வாங்குவதற்குள் 30 நாள் கடந்துவிடலாம்; விசாவுக்கே 120 நாள் அவகாசம் இருக்கிறது. எங்கள் எச்.ஆர். பிறப்புச் சான்றிதழை வைத்தே குழந்தையை பாலிசியில் சேர்த்துவிட்டார், மற்றவற்றைப் பின்னால் கொடுத்தோம். எல்லா கம்பெனியிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஏழாம் மாதத்திலேயே கேட்டு மெயிலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: எங்கள் குழந்தை நிறைமாதத்தில் பிறந்தது. என்.ஐ.சி.யூ. கிளெய்ம் எவ்வளவு சுலபம், எவ்வளவு இழுபறி என்பதை அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஊருக்குப் போவதென்றால் நாள் கணக்கும் இடிக்கிறது. பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்கு மேல் ஏற்றாது. 28ஆம் வாரத்தில் கிளம்பினால் பிரசவத்துக்கே 84 நாள் போய்விடும். அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து 180 நாளுக்கு மேல் இருந்தால் மனைவியின் விசா செல்லாது. மிச்சம் 96 நாளில் பிறப்புச் சான்றிதழ், அதற்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று முத்திரைகள், பாஸ்போர்ட், குழந்தைக்கு நுழைவு அனுமதி எல்லாம் ஆக வேண்டும். முடியாதது அல்ல, பலர் முடித்திருக்கிறார்கள். மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் கஷ்டம். தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாள்தான், அதிலும் 45 நாளுக்கு முழுச் சம்பளம், 15 நாளுக்குப் பாதி.

எங்கே பிறந்தாலும் பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இனிஷியலோடு எழுதிப் பழகிய நமக்கு விண்ணப்பத்தின் குடும்பப்பெயர்க் கட்டம் ஒரு தலைவலி. காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அமீரகம் அனுமதிக்க மறுத்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகுதான் தளர்த்தினார்கள். அப்பா பெயரை முழுதாக அந்தக் கட்டத்தில் எழுதி, பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் எழுத்து மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை ஆட்டம் காண்கிறது, பாலிசி எந்த மாதமும் கைவிட்டுப் போகலாம் என்றால் நான் சொன்னதெல்லாம் தலைகீழ். அப்போது ஊர்தான் சரி. கணவர் இங்கேயே தங்குவதானால், குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கான அவரது ஒப்புதல் உறுதிமொழியை இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்டு ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். பிறந்ததும் முதல் வேலையாக அதற்கு நேரம் வாங்கிவிடுங்கள்.