அக்காவுக்கு மூச்சு கேட்காத வேகம்: 14 மாத ஓட்ட அனுபவம்

வயது 41. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஓட ஆரம்பித்தபோது எடை 84 கிலோ. ஓடுவது கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில், ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், வாரத்தில் மூன்று நாள். ஷூவைப் பற்றியும் வாட்ச்சைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னை அதிக நாள் இழுத்தடித்தது 'ஈஸி பேஸ்' என்கிறார்களே, மூச்சு வாங்காமல் ஓடும் மெதுவான வேகம், அதுதான். அது பிடிபட ஐந்து மாதம் ஆனது.

எனக்குத் தெரிந்த ஒரே ஓட்டம் பள்ளிக்கூட விளையாட்டு விழா ஓட்டம். விசில் ஊதினால் பாய வேண்டும். அதையே 41 வயதிலும் செய்தேன். கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகத்தில் கிளம்புவேன், 800 மீட்டரில் விலாவில் பிடித்துக்கொள்ளும், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன், அப்புறம் மறுபடி பாய்ச்சல். ஏழாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்க ஆரம்பித்தது. மாடிப்படி இறங்கினால் சுருக்கென்று குத்தும். பார்த்த பிசியோ மூன்று வாரம் ஓடவே வேண்டாம் என்றார். நுரையீரலும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும், நீங்கள் இரண்டையும் ஒரே நாளில் கேட்கிறீர்கள் என்று திட்டாத குறையாகச் சொன்னார்.

சரி, மெதுவாக ஓடலாம். எவ்வளவு மெதுவாக? இங்கேதான் கணக்கில் மாட்டிக்கொண்டேன். அதிகபட்ச இதயத் துடிப்பு 220-இலிருந்து வயதைக் கழித்தால் வரும் என்பது பழைய கணக்கு. எனக்கு 179. மெதுவான ஓட்டத்துக்கு அதில் 70 சதவீதம் என்று பார்த்தால் 125. அந்தத் துடிப்பில் என்னால் நடக்கத்தான் முடிந்தது. பில் மாஃபெட்டோன் என்ற பயிற்சியாளர் சொன்ன முறைப்படி மெதுவான ஓட்டத்தில் துடிப்பு தாண்டக் கூடாத எல்லை 180-இலிருந்து வயதைக் கழித்தால் வரும், எனக்கு 139. ஓய்வுத் துடிப்பையும் சேர்த்துப் பார்க்கும் கார்வோனென் முறையில், என் ஓய்வுத் துடிப்பு 72 என்பதால், அதே 70 சதவீதம் 147 ஆகிவிடுகிறது. ஒரே ஆள், ஒரே நெஞ்சு, மூன்று எண்கள். போதாக்குறைக்கு 220 கணக்கே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும்.

வாட்ச் தன் பங்குக்குக் குழப்பியது. ஊர்ந்துகொண்டிருக்கும்போதே திடீரென 160 காட்டும். பயந்துபோய் கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் 140கூட வராது. மணிக்கட்டில் பச்சை விளக்கால் அளக்கும் வாட்ச்கள் சில சமயம் துடிப்புக்குப் பதிலாகக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. என் காலடி அப்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 160. பட்டையை இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்கு மேலே தள்ளிக் கட்டியதும் ஓரளவு சரியானது. நெஞ்சில் கட்டும் பட்டை இன்னும் துல்லியம் என்கிறார்கள். நான் வாங்கவில்லை.

காரணம் அக்கா. பொள்ளாச்சியில் இருக்கிறாள், காலை ஆறு மணிக்குக் காப்பி குடித்துக்கொண்டே எனக்குப் போன் செய்வது அவள் வழக்கம். ஒருநாள் ஓடிக்கொண்டே எடுத்துவிட்டேன். "என்ன கண்ணு, இப்படி மூச்சு வாங்குது? மாடி ஏறறயா?" என்றாள். வேகத்தைக் குறைத்தேன். மறுபடி கேட்டாள். இன்னும் குறைத்தேன். மாமா வாங்கிய மாட்டைப் பற்றி அவள் பேச ஆரம்பித்து, நானும் முழு வாக்கியமாகப் பதில் சொல்லி, அவள் கேட்காமலே பத்து நிமிடம் போனது. வாட்ச்சைப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 10 நொடி. துடிப்பு 141.

ஓடுகிறவர்கள் இதைப் 'பேச்சுச் சோதனை' என்கிறார்கள், ஒன்றும் புதிதல்ல. ஆனால் தனியாக ஓடுகிறவன் தனக்குத்தானே பேசிப் பார்த்தால் ஏமாற்றிக்கொள்வான், நான் ஏமாற்றினேன். அக்காவிடம் முடியாது.

வேகம் கிடைத்ததும் அடுத்த தொல்லை, வெட்கம். ரேஸ் கோர்ஸில் கைவீசி நடக்கும் பெரியவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. வெள்ளை வேட்டி மடித்துக் கட்டிய ஒருவர் என் பக்கத்திலேயே அரைச் சுற்று நடந்து வந்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது ஓட்டமுங்களா, நடையுங்களா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே சந்தேகம். அடுத்த வளைவில் என்னைத் தாண்டி அருகம்புல் ஜூஸ் வண்டிக்குப் போய்விட்டார். மெதுவாக ஓடுவதில் ஒரே லாபம், தெருநாய்கள் என்னை ஓடுகிறவனாகவே கணக்கில் எடுப்பதில்லை.

உடல்ரீதியாக ஒரு சிக்கலும் உண்டு. மெதுவாக ஓடச் சொன்னால் கால் தானாக இழுபடுகிறது, குதிகால் தரையில் தேய்கிறது. தப்பு எங்கே என்றால், நான் காலடி எடுக்கும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். குறைக்க வேண்டியது எட்டின் நீளத்தை. சின்னச் சின்ன எட்டாக, சூடான தரையில் நடக்கிற மாதிரி வைத்ததும் சத்தம் குறைந்தது, எலும்பு வலியும் அதன்பின் எட்டிப் பார்க்கவில்லை. முதல் சில வாரம் அதுவும் முடியாமல், 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றித்தான் போனேன். இந்த நடையை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.

இந்த வேகம் நிலையான எண்ணும் அல்ல. ஏப்ரலில் அதே 9 நிமிடத்துக்குத் துடிப்பு 150-ஐத் தாண்டியது. வெயிலில் உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், வியர்வையில் நீரும் குறைகிறது, இதயம் அடிக்கடி அடித்து ஈடுகட்டுகிறது. அரை மணிக்கு மேல் ஓடினாலும் இதே கதை, வேகம் மாறாமலே துடிப்பு ஏறும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்ததும் உடம்புக்குச் சுகம், ஆனால் சுற்றின் ஒரு பக்கம் எதிர்காற்று. தூக்கம் கெட்ட மறுநாளும் துடிப்பு ஏறிவிடும். அதனால் பேஸ் காட்டும் திரையையே வாட்ச்சில் எடுத்துவிட்டேன்.

பலன்? பத்தாவது மாதம் அதே 141 துடிப்பில் 7 நிமிடம் 50 நொடிக்கு வந்திருந்தேன். டிசம்பரில் ஒரு 10 கிலோமீட்டர் பந்தயத்தை நிற்காமல் 1 மணி 13 நிமிடத்தில் முடித்தேன். எடை நான்கு கிலோதான் குறைந்தது. இதற்காக ஓட ஆரம்பிப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். குறை என்றால் நேரம். 5 கிலோமீட்டருக்கு ஆரம்பத்தில் முக்கால் மணி நேரம், ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அது சின்ன விஷயமில்லை. சலிப்பும் உண்டு. இப்போது வாரத்தில் ஒருநாள் மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடிக்கொள்கிறேன், மற்ற இரண்டு நாளும் அக்காவின் வேகம்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பையன் ஒருவன் என்னைத் தாண்டிப் போனான். 14 மாதப் பாடமெல்லாம் மறந்து அவன் பின்னாலேயே ஓடினேன். போன் அடித்தது. எடுக்கவில்லை.