கம்பளிக்கு நல்ல புள்ளி, பனிச்சரிவுக்குப் பூச்சியம்

காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிற ஒரு பயண முகவர் நிலையம் இந்தியாவின் வடக்கே இமயமலையில் இருக்கும் லடாக்கிற்குக் குளிர்காலப் பயணம் ஒழுங்கு செய்து தருகிறது. பெயரை எழுதவில்லை, குறைகளைத் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம். டிக்கெட், விசா, லே நகரில் தங்குமிடம், வாடகைக்குக் குளிருடை, மேலதிகக் கட்டணத்துக்கு 'பனிப் பாதுகாப்புத் தொகுதி' என்று எல்லாம் ஒரே மேசையில் முடிகிறது. பெப்ரவரியில் நானும் மைத்துனரும் இவர்கள் மூலம் போய்வந்தோம். நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். சரிவு என்று யாராவது சொன்னால் எத்தனை பாகை என்று கேட்கிற வியாதி எனக்கு உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உடைகள் அருமை. துவைத்து, உலர்த்தி, பூச்சியுருண்டை நாற்றமில்லாமல் தந்தார்கள். சப்பாத்தை அணிந்து கடைக்குள் நடக்கவும் விட்டார்கள். உயரம் பற்றிய அறிவுரையும் சரியானது. லே 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டின் உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். போய் இறங்கியதும் ஓய்வெடுங்கள், ஓடித்திரியாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

கோளாறு பனியில் தொடங்குகிறது. மேசையில் இருந்த தம்பியிடம் பனிச்சரிவு பற்றிக் கேட்டேன். "அங்கிள், லடாக் பாலைவனம். அங்கே பனி விழுவதே குறைவு. பனிச்சரிவு பார்க்க நீங்கள் சுவிஸுக்குத்தான் போக வேண்டும்" என்றார். பாலைவனம் என்பது உண்மை. லேயில் ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்ந்து ஏறக்குறைய 100 மில்லிமீற்றர்தான். கொழும்பில் அது ஒரு பலத்த நாளின் மழை. ஆனால் 2019 ஜனவரி 18 அன்று, அதே லேயிலிருந்து ஏறும் கர்துங் லா கணவாய்ப் பாதையில் பனி சரிந்து 10 பேர் இறந்தார்கள்.

பனி குறைவாக இருப்பதுதான் அங்கே கேடு. பனிக்கு அடியில் தரையின் வெப்பநிலை ஏறக்குறையப் பூச்சியப் பாகை செல்சியஸ். மேலே, மேகமில்லாத வானத்தின் கீழ், இரவுக் குளிர் பூச்சியத்துக்கு 20 பாகை கீழே போய்விடுகிறது. இடையில் முழங்காலளவு பனிதான் என்றால் அவ்வளவு வித்தியாசமும் அந்தச் சிறு தடிப்புக்குள் அடங்க வேண்டும். 10 சென்ரிமீற்றருக்கு 1 பாகையைத் தாண்டினாலே போதும். அடியிலிருந்து நீராவி எழுந்து பனி மணிகளைக் கூர்முனைப் பளிங்குகளாக மாற்றத் தொடங்கிவிடும். அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. அள்ளினால் சீனி போல விரலிடுக்கால் வழிந்துவிடும். பிறகு புதுப்பனி விழுந்தாலோ, மலையின் மறுபக்கத்துப் பனியைக் காற்று வாரிக் கொண்டுவந்து இறக்கினாலோ, இறுகிய தட்டு ஒன்று அந்த ஒட்டாத மணிகளின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. அதை உடைக்க ஒருவரின் காலடி போதும். அமெரிக்காவில், மோவாப் நகரின் செம்பாறைப் பாலைவனத்துக்கு மேலே நிற்கும் லா சால் மலைகளிலும் இதே சங்கதிதான். 1992 பெப்ரவரியில் அங்கே நால்வர் புதையுண்டு இறந்தார்கள். பனிச்சரிவு முன்னறிவிப்பையே தொழிலாகக் கொண்டவர் அவர்களில் ஒருவர்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னேன். எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

பனிச்சரிவு விழக்கூடிய இடத்துக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும்: புதைந்தவரைத் தேடும் டிரான்சீவர் (ஒருவர் அணிந்திருக்கும் கருவி அனுப்பும் சமிக்ஞையை மற்றவருடையது பிடிக்கும்), குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி, சவள். எங்களுக்குத் தந்த பையில் டிரான்சீவர் இரண்டு, கம்பி ஒன்று. சவளே இல்லை. "விமானத்தில் பாரம், அங்கிள்." சரிந்து நின்ற பனி உடனே இறுகிவிடும், கையுறையால் அதைத் தோண்ட முடியாது. பத்துப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு சடுதியாக விழுகிறது. ஆள் எங்கே கிடக்கிறார் என்று மட்டும் துல்லியமாகத் தெரிந்து என்ன பயன்? ஒரு டிரான்சீவரின் பற்றரி அறையில் பச்சை பூத்திருந்தது. கொழும்புப் புழுக்கத்தில் பற்றரியைக் கழற்றாமல் வைத்தால் கசியத்தான் செய்யும். அதை முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள்.

பயிற்சி எதுவும் தரவில்லை. ரயில் பாதையைத் தாண்டி, வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் ஒரு கருவியைப் புதைத்து நாங்களே தேடிப் பழகினோம். உலகெங்கும் இவை 457 கிலோஹேர்ட்ஸில் இயங்குவதால் எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றதைக் கண்டுபிடிக்கும். ஆனால் கருவித் திரையில் வழிகாட்டும் அம்புக்குறி நேரே இட்டுச்செல்லாது. காந்தப்புலக் கோட்டின் வழியே வளைத்துக் கொண்டுபோகும். நேர்கோட்டிலேயே சம்பளம் வாங்கியவனுக்கு இது பெரிய எரிச்சல். மைத்துனர் கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேடியபோது எண்கள் தாறுமாறாகக் குதித்தன. தேடும்போது தொலைபேசி 50 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். கடலை விற்றவர் வந்து, தங்கமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

லேயில் இவர்கள் அமர்த்தியிருந்த வழிகாட்டிக்கு முழுப் புள்ளி. கேட்டவுடன் பனியில் குழி வெட்டிக் காட்டினார். அடியடுக்கு தானாகவே உதிர்ந்து விழுந்தது. முகவரின் துண்டுப்பிரசுரத்தில் 'புகைப்படத் தரிப்பிடம்' என்று போட்டிருந்த இடத்துக்குக் கூட்டிப்போக மறுத்துவிட்டார். அதன் மேலிருந்த சரிவைக் கோணமானியால் பார்த்தேன்: 37 பாகை. பனித்தட்டுகள் பெரும்பாலும் உடைவது 30க்கும் 45க்கும் இடையில். கீழே சமதரையில் நின்று ஒரு படம் எடுத்தால் என்ன என்றார் மைத்துனர். இப்படிப்பட்ட அடியடுக்கில் கீழே மிதித்தாலும் வெடிப்பு மேலே ஓடிச் சரிவை இறக்கிவிடலாம் என்று வழிகாட்டி விளக்கினார். படம் எடுக்கவில்லை.

இந்தியப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. லடாக் உட்பட இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. முகவரிடமிருந்து அது பற்றி ஒரு வரி வரவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் பதுளைக்குப் போகிற உறவினருக்கு உடனே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் நாம். லடாக் எச்சரிக்கையையும் வாடிக்கையாளருக்கு அப்படியே அனுப்பலாமே.

பொருள்களைத் திருப்பிக் கொடுத்தபோது அச்சிட்ட பட்டியலைப் பார்த்து, "சவள் இரண்டு எங்கே?" என்று கேட்டார்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு முன்பணம் முழுவதும் கிடைத்தது. சவள் வாங்குவதாக முகாமையாளர் சொன்னார். டிக்கெட்டுக்கும் உடைக்கும் தாராளமாகப் போகலாம். பனித் தொகுதி எடுப்பதானால் பையை மேசையிலேயே கொட்டி எண்ணுங்கள், பற்றரி மூடியைத் திறந்து பாருங்கள். ஐந்துக்கு மூன்று. சவள் வந்துவிட்டதென்று யாராவது அறிவித்தால் நான்காக்குகிறேன்.