சைட்காரைக் கழற்றாமல் ஒயில் பில்டர்: ஏழு வருடக் கணக்கு

என்னிடம் இருப்பது மாமா விட்டுச்சென்ற 1976ஆம் ஆண்டு ஹொண்டா சிபி750 மோட்டார் சைக்கிள். இடப்பக்கம் சைட்காருடனேயே, அதாவது ஒற்றைச் சில்லுள்ள பக்கவண்டியுடனேயே, என் கைக்கு வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையில் நிற்கிறது. உப்புக்காற்று அதைத் தின்பது தனிக்கதை.

இந்த எஞ்சினில் ஒயிலை வடிகட்டும் பில்டர் முன்பக்கம், நான்கு புகைக்குழாய்களுக்கு நடுவே, கிண்ணம் போன்ற மூடிக்குள் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நீள போல்ட். சைட்கார் இல்லாத வண்டியில் கால் மணி நேர வேலை. என் வண்டியிலோ சைட்காரின் முன் கீழ்ப்பிடிக்காக, சட்டகத்தின் இரு குழாய்களுக்கும் குறுக்கே யாரோ ஒரு தகட்டைப் பூட்டியிருந்தார்கள். அது அந்த போல்ட்டுக்கு நேர் முன்னால் நின்றது. பூட்டியவர் தன் வாழ்நாளில் பில்டர் மாற்றியிருக்கமாட்டார்.

தகட்டைக் கழற்றினால் என்ன என்று கேட்கலாம். முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். சைட்கார் சில்லு முன்பக்கம் சற்றே உள்நோக்கி இருக்கவேண்டும்; மோட்டார் சைக்கிள் நேராக நில்லாமல் சைட்காருக்கு எதிர்ப்பக்கமாக ஒரு பாகையளவு சாய்ந்திருக்கவேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் வண்டி நேரே ஓடும். பிடியைத் தளர்த்திய ஒவ்வொரு முறையும் அளவு குலைந்தது. நீளப் பலகைகளைச் சில்லுகளோடு ஒட்டிவைத்து அளந்து திரும்பப் பூட்ட ஒரு ஞாயிறு முழுவதும் போகும். ஒருமுறை சோம்பலில் அளக்காமல் விட்டேன். காலி வீதியில் பம்பலப்பிட்டிவரை ஹாண்டிலோடு மல்லுக்கட்டியதில் தோள் இரண்டு நாள் வலித்தது.

"தம்பி, ஒயிலை மட்டும் மாற்றுங்கள், பில்டரை இரண்டு தடவைக்கு ஒருமுறை பார்க்கலாம்" என்றார் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் இதில் கிளட்ச்சும் அதே ஒயிலில்தான் ஊறுகிறது. தேய்ந்த துகள் எல்லாம் பில்டருக்குத்தான் வரும். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

தீர்வு பஞ்சிகாவத்தைப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் கிடைத்தது. தகட்டில் துளை போட்டால் போல்ட்டைத் திருகும் சொக்கற் நுழையுமே என்பது என் முதல் யோசனை. போல்ட் வரும், மூடி எப்படி வரும் என்று பட்டறைக்காரர் சிரித்தார். பிறகு மட்டையில் அச்சு வெட்டி, மூடிக்குக் கீழாக வளைந்துபோகும்படி 8 மில்லிமீற்றர் இரும்பில் புதுத் தகடு செய்தோம். பூட்டும் இடங்கள் மாறவில்லை. அன்றைக்கு அளந்து வைத்த சாய்வும் கோணமும் ஐந்து வருடமாக அப்படியே இருக்கின்றன.

அடுத்தது அந்த போல்ட். அதன் தலை வெறும் 12 மில்லிமீற்றர். மாமா காலத்தில் யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதில் முனைகள் உருண்டுபோயிருந்தன. உளி வைத்துத் தட்டித்தான் எடுத்தேன். தலைமேல் பெரிய நட் ஒன்றை வெல்டிங் செய்யலாம் என்று பலர் சொன்னார்கள். செய்துவிடாதீர்கள். போல்ட் உள்ளே பொள்ளல். பில்டர் அடைத்தால் ஒயிலுக்கு மாற்றுவழி விடும் வால்வும் அதன் ஸ்பிரிங்கும் அதற்குள்தான் இருக்கின்றன. 17 மில்லிமீற்றர் தலையுள்ள போல்ட் வெளிநாட்டில் கிடைக்கிறது, வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பித்தேன். 30 நியூற்றன் மீற்றர் இறுக்கம் தாராளம். இத்தனை வருடத்தில் நான் செலவழித்ததில் இதைப்போல் பயன்பட்ட பொருள் வேறில்லை.

கார்களில் போலத் திருகிப்பூட்டும் பில்டருக்கான அடப்டரும் ஒரு வருடம் போட்டுப் பார்த்தேன். நீட்டிக்கொண்டு நின்றது, மழையில் முன்சில்லு அடிக்கும் சேறெல்லாம் அதன்மேல்தான். கழற்றிவிட்டேன். பழைய கடதாசி பில்டர் அதே காலத்து ஹொண்டா கோல்ட்விங் 1000க்கும் பொருந்துவதுதான், தேடினால் அகப்படும். அதன் பின்னால் வரும் சிறு வளையம் பழைய பில்டரில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடும், கவனம். நானே ஒன்றை எறிந்துவிட்டு இரவு பத்து மணிக்கு டோர்ச்சோடு குப்பைவாளியைக் கிளறியிருக்கிறேன்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறையில் வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைத்தபோது வண்டி பெரும்பாலும் நின்றது. அப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினேன். மற்றப்படி 3,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை.

இன்னும் தீராதது பழைய ஒயிலை இறக்கும் கீழ் வடிகால். ஒயில் விழும் இடத்துக்கு நேர் கீழே சைட்காரின் குறுக்குக் குழாய் ஓடுகிறது. அதில் பட்டு நாலாபக்கமும் சிதறும். இப்போதைக்கு ஒயில் கேன் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, சறுக்குப்பலகைபோல் குழாய்மேல் சாய்த்து வைக்கிறேன். தரையில் விரிக்கும் பழைய சாக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டியிருக்கிறது.