'உங்கள் கைப்பேசி புதுப்பித்த நிலையில் உள்ளது': 2018 மாடல் ஒன்றின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அமைப்புகளுக்குள் சென்று 'மென்பொருள் புதுப்பிப்பு' என்பதை அழுத்தினால், ஒரு வட்டம் சிறிது நேரம் சுழன்று, பச்சை நிறத்தில் சரி என்ற குறியைப் போட்டு, என் கைப்பேசி புதுப்பித்த நிலையில் உள்ளது என்று அறிவிக்கிறது. அதே அமைப்புகளில் இரண்டு திரை தள்ளிப் பார்த்தால், கடைசியாக வந்த பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி 2020 நவம்பர் என்று இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதியது ஒரே நிறுவனம்தான். இந்தப் பதிவில் வேறு குறைகளும் வரும் என்றாலும், என் கோபம் முழுவதும் அந்தப் பச்சைக் குறியின் மேல்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2018இல் ஆண்ட்ராய்டு 8.1 உடன் வெளிவந்து, பிறகு ஆண்ட்ராய்டு 9க்கு ஒரே ஒரு முறை ஏற்றம் பெற்ற மாடல் இது. பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்ததால் அந்த ஆண்டில் பலர் கையிலும் இருந்தது. விவரக்குறிப்புகளை மறுபடி எழுதத் தேவையில்லை. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை, ஏனெனில் இதே கதை வேறு சில பெயர்களுக்கும் அப்படியே பொருந்தும். இதற்கு முன் நான் வைத்திருந்ததும் இதே நிறுவனத்தின் கைப்பேசிதான். என் பேச்சைக் கேட்டுத் தங்கையும், அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்கள் சிலரும் இதே பெயரை வாங்கினார்கள் என்பதால், எனக்கு வரும் எரிச்சலில் அவர்களுடைய பங்கும் சேர்ந்திருக்கிறது.

கருவியைப் பொறுத்தவரை குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ராயபுரத்திலிருந்து மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையங்களுக்கும், அங்கிருந்து சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசலுக்கும் அலைவதுதான் என் பிழைப்பு. பெட்டகத்தின் மேல் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் இருக்கும். கடைசி எண், முன்னால் இருப்பவை சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சோதிப்பதற்கானது. அதில் ஓர் எண் மங்கிப் படமானாலும், பூட்டில் உள்ள முத்திரை எண் தெளிவாக விழாவிட்டாலும், மறுநாள் காகிதங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உச்சி வெயிலில் திரையில் தெரிவதைப் படிக்க முடிந்ததும், எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் இரவுகளில் அந்த மஞ்சள் விளக்கு வெளிச்சத்திலேயே முத்திரை எண் சுத்தமாக விழுந்ததும் இந்தக் கைப்பேசியில்தான். இதைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிய நண்பரின் கேமரா, எண்களை அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று மூன்றை எட்டாக்கிய கூத்தும் நடந்திருக்கிறது.

கடற்கரையோரத்தில் வேலை செய்பவர்களுக்குச் சார்ஜிங் பின் என்பது ஆயுள் முடியும் பொருள். உப்புக் காற்று அதை அரித்துவிடும். சென்ற வாரம் கல்மண்டபம் பக்கத்தில் வழக்கமாகப் போகும் கடையில் அதை மாற்றினேன். பேட்டரியை முன்பே மாற்றியாயிற்று. கடைக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், செட்டுக்கு ஒண்ணும் இல்ல, போர்டு சுத்தமா இருக்கு. கம்பெனிக்காரன்தான் கைய கழுவிட்டான்." இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே காம்போ இன்றைக்கும் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கிறது என்றும், நிறைய விற்ற மாடல் என்பதால் இன்னும் சில வருடங்களுக்குக் கிடைக்கும் என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். நிறுவனத்தின் அதிகாரபூர்வச் சேவை மையத்தில் கேட்டபோது, மாடல் பழையது, உதிரிபாகம் இல்லை என்ற ஒரே வரிதான் பதில்.

பேட்டரியை யாரோ ஒருவர் எங்கேயோ செய்து விற்கிறார். திரையும் அப்படித்தான். தரத்தில் முன்னே பின்னே இருந்தாலும், பொருள் என்ற அளவில் எதற்கும் மாற்று இருக்கிறது. மென்பொருளுக்கு மட்டும் அது இல்லை. நிறுவனத்தின் ரகசியச் சாவியால் கையொப்பமிடாத எதையும் இந்தக் கருவி தானாக ஏற்றுக்கொள்ளாது. பூட்லோடரை, அதாவது கைப்பேசியைத் தொடங்கிவைக்கும் பூட்டிய நிரலை, திறந்து வேறு இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். போட்ட மறுநாள் வங்கிச் செயலி நம்மை நம்ப மறுக்கும். ஆக, ரிச்சி தெரு முழுவதும் தேடினாலும் கிடைக்காத ஒரே உதிரிபாகம் நிறுவனத்திடம் மட்டும் இருக்கிறது. அதை அவர்கள் கொடுப்பதும் இல்லை, கொடுக்கப்போவதில்லை என்று சொல்வதும் இல்லை. பச்சைக் குறி போடுகிறார்கள்.

வேகம் குறையவில்லையே, பிறகு என்ன என்று கேட்பவர்களுக்காக இந்தப் பத்தி. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. வந்த வீடியோச் செய்தியை நாம் திறக்காமலே கைப்பேசி பிறர் வசமாகலாம் என்ற நிலை. அதற்குப் பிறகுதான், அந்த ஆண்டு ஆகஸ்டு முதல், கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கையும் திருத்தங்களும் வெளியிடத் தொடங்கியது. அத்தகைய ஓட்டைகள் அத்தோடு நின்றுவிடவில்லை. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற நிரல் நூலகத்தில், அதாவது படங்களைத் திறந்து காட்டும் அடிப்படைப் பகுதியில், ஒரு கோளாறு வெளிவந்தது. அதை ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். குரோம் உடனே தன்னைத் திருத்திக்கொண்டது; ஆண்ட்ராய்டுக்கான திருத்தம் அக்டோபர் அறிக்கையில் வந்தது. என் கைப்பேசிக்கு வரவில்லை. முன்பின் தெரியாத ஓட்டுநர்களும் கிடங்குக்காரர்களும் நாள் முழுவதும் அனுப்பும் படங்களைத் திறந்து பார்ப்பதே என் வேலை என்பதால், இது எனக்கு ஏட்டுச் சுரைக்காய் விஷயமில்லை. 2025இல் வந்த 138ஆம் பதிப்போடு குரோமும் ஆண்ட்ராய்டு 9ஐக் கைவிட்டது. அதற்குச் சில வாரங்களில் என் வங்கியின் செயலியும், இந்தப் பதிப்பில் இனி இயங்காது என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. அன்றும் ஒரு முறை சென்று அழுத்திப் பார்த்தேன். அதே வட்டம், அதே பச்சைக் குறி.

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், இருக்கவும் இருக்கிறது. கைப்பேசி செய்பவர் நினைத்தால் மட்டும் புது இயங்குதளத்தைக் கொடுத்துவிட முடியாது. உள்ளே இருக்கும் சில்லைச் செய்த நிறுவனம் அதற்கேற்ற நிரல்களைத் தர வேண்டும். அவர்கள் ஒரு சில்லுக்கு இத்தனை ஆண்டு என்று கணக்கு வைத்து நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நாட்டின் தொலைத்தொடர்பு வலையமைப்பிலும் சோதிக்க வேண்டும். ஒரு முறை பதினைந்தாயிரம் கொடுத்தவனுக்காக ஆண்டுக்கணக்கில் பொறியாளர்களை வேலையில் வைத்திருப்பது எளிதல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். சில்லுக்கான பகுதியையும் இயங்குதளத்தையும் பிரித்து வைக்கும் ட்ரெபிள் என்ற ஏற்பாட்டை 2017இல் ஆண்ட்ராய்டு 8இலேயே கூகுள் கொண்டுவந்துவிட்டது என்பதையும், அந்தச் சுமை குறைந்த காலத்தில் பிறந்ததுதான் என் மாடல் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 இன்னும் ஒரு படி மேலே போய், சில பாதுகாப்புப் பகுதிகளைப் பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்க வழி செய்தது. என் கைப்பேசி அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தப்பட்டது.

முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. 2013இல் வெளிவந்த ஐபோன் 5எஸ் கருவிக்கு 2023 ஜனவரியில் ஆப்பிள் ஒரு பாதுகாப்புத் திருத்தம் கொடுத்தது. அது விலை உயர்ந்த சரக்கு, ஒப்பிடக்கூடாது என்றால், 2015இல் வந்த ஃபேர்போன் 2 இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சிறிய நிறுவனம் 2023 மார்ச் வரை அதைக் கைவிடவில்லை. இப்போது கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு என்கிறார்கள். இருபதாயிரத்துக்குக் கீழே அறிமுகமான சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜிக்குக்கூட ஆறாண்டு உறுதி கொடுத்திருக்கிறார்கள். விலை குறைந்தால் ஆயுளும் குறையும் என்ற சமாதானம் இனிச் செல்லாது.

என் கைப்பேசிக்குப் புதுப்பிப்பே வருவதில்லை என்று எழுதினால் அது தவறாகிவிடும். நிறுவனத்தின் தீம் கடையும், யாரும் திறக்காத அவர்களுடைய உலவியும் தவறாமல் புதுப்பிக்கப்படுகின்றன. பண்டிகைக் காலங்களில் அவற்றின் வழியாகவே, புதிய மாடல் வந்துவிட்டது, பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பு என் திரைக்கு வந்து சேர்கிறது. விளம்பரத்தைக் கொண்டுவர வழி இருக்கிறது. ஓட்டையை அடைப்பதற்குத்தான் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் எழுத்து மூலம் கேட்டபோது, 'உங்கள் சாதனத்துக்குரிய சமீபத்திய பதிப்பில்தான் இருக்கிறீர்கள்' என்று மிகுந்த பணிவோடு பதில் வந்தது. பொய் இல்லை, உண்மையும் இல்லை. இந்தத் தேதியோடு நிறுத்திக்கொண்டோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால், 2021இலேயே வங்கிக் கணக்கை வேறு கருவிக்கு மாற்றியிருப்பேன். கோபப்பட்டிருப்பேனே தவிர ஏமாற்றப்பட்டதாக நினைத்திருக்க மாட்டேன்.

இந்த நேரத்தில்தான் தங்கை மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "மாமா, உங்க கம்பெனி போன் ஆஃபர்ல ஆறாயிரம் கம்மியா வருது, வாங்கட்டுமா?" 22,000 ரூபாய்க்கு அறிமுகமாகிய மாடல் 16,000க்கு வருகிறது. நான்காண்டு பாதுகாப்புத் திருத்தம் என்று இப்போது அவர்களும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், அந்த வகையில் முன்னேற்றம்தான். ஆனால் அந்த நான்காண்டு, அவன் வாங்கும் நாளிலிருந்து அல்ல, மாடல் அறிமுகமான நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது. அதில் ஒன்றரை ஆண்டு போய்விட்டது. முதல் நாளே 22,000 கொடுத்தவனுக்குத் திருத்தம் கிடைக்கும் ஆண்டு ஒன்றுக்கு 5,500 ரூபாய் ஆகிறது. இப்போது 16,000 கொடுப்பவனுக்கு மீதி இருப்பது இரண்டரை ஆண்டு; ஆண்டுக்கு 6,400 ரூபாய். தள்ளுபடியில் வாங்குகிறவன்தான் அதிகம் கொடுக்கிறான். என் தலைமுறைக்காரர்கள் எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடிப் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கியவர்கள். இதில் பிடித்துப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அந்தத் தேதியைத் தவிர.

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கைப்பேசிகளுக்கு நடைமுறைக்கு வந்துள்ள விதிகளில் எனக்குப் பிடித்த அம்சம், அங்கே குறிப்பிடப்படும் ஐந்தாண்டுப் புதுப்பிப்புக் காலம் அறிமுக நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை என்பதுதான். அந்த மாடலைச் சந்தைக்குக் கொண்டுவருவதை நிறுத்தும் நாளிலிருந்து அது தொடங்குகிறது. தள்ளுபடிக்குக் காத்திருந்தவனுக்கு அங்கே தண்டனை இல்லை. நம் ஊரில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான தளம் ஒன்றை மத்திய அரசு திறந்தது. 2024 செப்டம்பரில் அமைக்கப்பட்ட குழு 2025 மே மாதம் அளித்த அறிக்கையில், ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று காட்டும் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கான அளவுகோல்களில் ஒன்றாக மென்பொருள் புதுப்பிப்பும் இடம்பெற்றிருக்கிறது. அந்தக் குறியீடு பெட்டியின் மேல் அச்சாகி வருகிற நாளில் இந்தப் பத்தியைத் திருத்தி எழுதுகிறேன்.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: கேமரா, திரை, உழைப்பு என்று தனித்தனியாகக் கேட்டால் ஐந்துக்கு நான்குக்குக் குறையாமல் கொடுப்பேன், சில இரவுகளை நினைத்தால் ஐந்தே கொடுப்பேன். ஆனால் இந்தப் பதிவில் நான் இந்தக் கைப்பேசிக்குப் போடும் மதிப்பெண் ஒன்று. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது. சார்ஜிங் பின் மாற்றிய மகிழ்ச்சியில் அன்று மாலையே எழுதியிருந்தால் குறைந்தது மூன்று போட்டிருப்பேன்.

தங்கை மகனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யூ.பி.ஐ.யும் வங்கிச் செயலியும் இப்போது வேறு நிறுவனத்தின் கைப்பேசியில் இருக்கின்றன. சிம் இல்லாத பழையது இன்னும் என்னோடு ஜீரோ கேட்டுக்கு வருகிறது, ஏனெனில் புதியது முத்திரை எண்ணை இவ்வளவு சுத்தமாகப் பிடிப்பதில்லை. அடுத்து பேட்டரி உப்பினால் கல்மண்டபத்தில் இன்னொன்று போட்டுக்கொள்வேன். அதே பெயர் எழுதிய புதுப் பெட்டி மட்டும் எங்கள் வீட்டுக்குள் வராது.