கழற்றுகிற பல், பாலம், இம்பிளாண்ட்: யாருக்கு எது?

பல்லுக் கட்டப் போகிறவர்கள் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, வாயில் மிஞ்சியிருக்கிற பற்களை. எந்த வழி அவற்றுக்குக் கெடுதல் குறைவாகச் செய்யும் என்பதே என் கணக்கு.

ஒரேயொரு கொடுப்புப்பல் போயிருக்கிறது என்று வையுங்கள். பாலம் போடுவதென்றால் இரு பக்கத்துப் பற்களையும் சுற்றிவர அராவி, மூன்று பல்லும் ஒன்றாய்ச் சேர்ந்த உறையை மேலே ஒட்டுவார்கள். சில வாரத்தில் வேலை முடியும், கத்தி வைக்கத் தேவையில்லை. ஆனால் அராவிய எனாமல் திரும்ப வளராது. உறையின் ஓரத்தில் சூத்தை பிடித்தால், தாங்கி நின்ற பல்லும் போய்விடலாம். பக்கத்துப் பல் இரண்டும் பழுதில்லாமல் இருக்கும்போது அவற்றை அராவ எனக்கு மனம் ஒப்பாது. சரி, அவற்றில் ஏற்கெனவே பெரிய அடைப்பு இருந்து, எப்படியும் உறை போட வேண்டிய நிலை என்றால்? அப்போது பாலமே நல்லது.

இம்பிளாண்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது. டைட்டேனியத் திருகாணி ஒன்றைத் தாடை எலும்புக்குள் இறக்கி, எலும்பு அதை இறுகப் பிடிக்கும்வரை பொறுத்திருந்து, மேலே பல்லைப் பூட்டுவார்கள். முயலின் எலும்பில் வைத்த டைட்டேனியத்தைத் திரும்பக் கழற்ற முடியாமல் போனதைச் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் கவனித்ததில் தொடங்கிய வைத்தியம் இது. 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். இன்று 10 ஆண்டு கழித்தும் 100இல் 90க்கு மேல் நிலைக்கின்றன. பல் போன இடத்து எலும்பு கரைந்துகொண்டே போகும். இம்பிளாண்ட் அதைப் பெருமளவு தடுக்கும், பாலம் தடுக்காது.

அதற்காக எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் முதலில் அதைச் சரிப்படுத்த வேண்டும். சுருட்டும் சிகரெட்டும் விடாதவர்களுக்கு எலும்பு பிடிக்காமல் போகும் வாய்ப்புக் கூட. எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் குளிசை எடுப்பவர்கள் அதைப் பல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகலாம். இம்பிளாண்டில் சூத்தை வராது என்பது உண்மை. ஆனால் துப்புரவு இல்லாவிட்டால் சுற்றியுள்ள முரசு வீங்கி, நோவே தெரியாமல் எலும்பு கரையும்.

வளர்கிற பிள்ளைக்கு முன்பல் போனால் இம்பிளாண்ட் வேண்டாம், தாடை வளர்ந்து முடியட்டும். அதுவரை பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் சிறு தகட்டால் ஒட்டுகிற மேரிலாண்ட் பாலம் போதும்.

கழற்றிப் பூட்டுகிற பல் செட்டை வசதியில்லாதவர்களின் வழி என்று ஒதுக்குவது சரியல்ல. மேல்தாடை முழுச் செட் அண்ணத்தோடு உறிஞ்சிப் பிடித்து நன்றாகவே நிற்கும். சிக்கல் கீழ்த்தாடையில்தான். எங்கள் மாமி நண்டு கடிக்க வாயைத் திறந்தால் கீழ்ச் செட் நாக்கோடு கிளம்பும். கத்தரிக்காய் விதை ஒன்று அடியில் போய் முரசைக் குத்தினால், பாதிச் சாப்பாட்டில் எழும்பிப்போய்க் கழற்றிக் கழுவிவிட்டுத்தான் வந்து இருப்பார். புழுக்கொடியலும் பருத்தித்துறை வடையும் அவருக்கு இல்லையென்றே ஆகிவிட்டது. இப்படியானவர்களுக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே இரண்டு இம்பிளாண்ட் வைத்து, அழுத்துப் பொத்தான் போலச் செட்டை அதில் பூட்டலாம். பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் சொன்னார்கள். வீட்டில் ஒருவருக்குத்தான் காசு ஒதுக்கலாம் என்றால், மகனின் ஒற்றைக் கொடுப்புப்பல்லை விட்டுவிட்டு அம்மாவின் கீழ்ச் செட்டுக்குக் கொடுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 25 நாளுக்குள் பாலம் முடியலாம், இம்பிளாண்ட் சாதாரணமாக முடியாது. எலும்பு பிடிக்கக் கீழ்த்தாடையில் ஏறத்தாழ 3 மாதம், மேல்தாடையில் 6 மாதம் வரை வேண்டும். அவசரப்படுத்தாமல் இரண்டு பயணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன், திருகாணி எந்தக் கம்பனி, விட்டம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். ஒரு கம்பனியின் பாகம் பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. டொரொன்டோவில் வைத்து அந்தப் பல் ஆடத் தொடங்கினால், அங்குள்ள வைத்தியருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் துண்டுதான்.